ஈரோட்டுக்கு ஒரு ஸ்ட்ராடஜி

அதை அப்படி இழுக்கக் கூடாதுங்க சார். மேல ரெண்டு பக்கமும் கொக்கி இருக்குது பாருங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கணும். அமுக்கிட்டே இறக்கணும். ம், வரலியா? விடுங்க. அது உங்க தப்பில்லைங்க. இந்த ஜன்னலைப் பண்ணுனவன் ஒருநாளாச்சும் மத்தியான வெயில்ல ஈரோட்டுப் பஸ்ல உக்காந்து வந்திருப்பானா? வொர்க்‌ஷாப்புல நின்னுட்டே பண்ணியிருப்பான். இதைத்தான் சார் நாங்க மோசமான யூஎக்ஸ்னு சொல்லுவோம்.

யூஎக்ஸ்னா தெரியுமுங்களா? யூசர் எக்ஸ்பீரியன்ஸ். ஒரு பொருளை உபயோகப்படுத்துற ஆளுக்கு அது எப்படி இருக்கணும்னு முன்னாலயே யோசிச்சு வடிவமைக்கிற வேலை. போன்ல கரண்டு பில் கட்டுறீங்க, பட்டன் எங்கன்னு தேடாம கை தானாப் போகுதில்லீங்களா, அது எங்காளுங்க வேலை. தேடித் தேடிக் கடுப்பாகி போனைக் கவுத்து வெச்சுடறீங்கல்ல, அது எங்காளுங்களைக் கூப்பிடாததால வந்த வெனை. இருபத்திரண்டு வருஷமா நான் இதுல இருக்கேன். பேரு தண்டபாணி. வீடு வடவள்ளி. நீங்களும் கோயமுத்தூர் வரைக்கும்தானுங்களே? அப்பச் சரி. சாவகாசமாச் சொல்லலாம்.

இன்னைக்கு எதுக்கு ஈரோடு வந்தேன்னு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்லறேன். என் கம்பெனியோட முதல் கிளையண்டை, என்கூட இருந்த பொண்ணே கொத்திக்கிட்டுப் போயிருச்சுங்க. நான் வளத்துவிட்ட பொண்ணு. அந்த நியாயத்தைக் கேக்கத்தான் வந்தேன்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

சரவணம்பட்டியில ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்தேன். டிசைன் டிபார்ட்மெண்ட் தலைவர். போன வருஷம் சித்திரையில விட்டுட்டேன். அவங்க அனுப்பலீங்க, நானாத்தான் வந்தேன். அங்க எல்லாம் அவசரம். கிளையண்ட் திங்கக்கிழமை சொல்லுவான், வெள்ளிக்கிழமை வேணும்பான். யோசிக்கறதுக்கு இடமே கிடையாது. சொந்தமா ஒரு கன்சல்டிங் ஆரம்பிச்சா, நிதானமா, அடிப்படையில இருந்து பண்ணலாம்னு தோணுச்சு. எங்க வீட்டு மாடியில ரெண்டு ரூம் சும்மாக் கிடந்துச்சு. பேரு வெச்சேன், 'தெளிவு'. தெளிவு கன்சல்டிங். எப்படி இருக்குதுங்க பேரு? எல்லாருமே நல்லா இருக்குதுன்னாங்க.

சுகிர்தான்னு ஒரு பொண்ணு. அங்க என் டீம்ல ஏழு வருஷமா இருந்துச்சு. நான் வரேன்னதும், "சார், நானும் வரட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு. நிரந்தர வேலை, வீட்டுல உடம்பு முடியாத அம்மா, இருந்தும் என்னை நம்பி விட்டுட்டு வந்துச்சு. அது பெரிய விஷயந்தான், நான் இல்லைங்கல. வந்த மொத நாளே கேட்டுச்சு, "சார், மொதல்ல யாரைப் போய்ப் பாக்கலாம்?" நான் சொன்னேன், "மொதல்ல யாரையும் பாக்க வேண்டாம். மொதல்ல ஸ்ட்ராடஜி."

ஸ்ட்ராடஜி இல்லாம வேலைக்குப் போறவன் இருக்கானே, அவன் கொத்தனார். ஸ்ட்ராடஜியோட போறவன்தான் கன்சல்டண்ட். இதை நான் சுவத்துலயே எழுதி வெச்சிருந்தேன். சுவரு பூரா கலர் கலராச் சீட்டு ஒட்டினோம். மஞ்சச் சீட்டு யூசர், பச்சைச் சீட்டு பிசினஸ், ஆரஞ்சுச் சீட்டு ரிஸ்க். ரெண்டு மாசம். எங்க தாரக மந்திரம் மட்டும் மூணு வாரம் ஆச்சு. 'கேட்போம், புரிந்துகொள்வோம், வடிவமைப்போம்.' அதுல 'கேட்போம்' முன்னால வரணுமா, 'புரிந்துகொள்வோம்' முன்னால வரணுமாங்கறதுல எனக்கே நாலு நாள் தூக்கம் வரல.

எங்க வீட்டம்மா பிரபாவதி, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். ஒருநாள் காபி கொண்டாந்தவ சுவத்தைப் பாத்துட்டு, "கேட்போம்னு போட்டிருக்கீங்களே, யாரைக் கேப்பீங்க?"ன்னா. கணக்கு டீச்சர் பாருங்க, எல்லாத்துக்கும் விடை வேணும். நான் பொறுமையாச் சொன்னேன், "இது விஷன். விஷன்ல யாரை, எப்பங்கறது எல்லாம் வராது." அவ டம்ளரை எடுத்துட்டுக் கீழ போயிட்டா. அவளுக்கு இந்த ஃபீல்டு புரியாது, அதை நான் தப்பாச் சொல்லல.

என்னமோ சொல்ல வந்தீங்க? இருங்க, இந்த இடத்தை முடிச்சுடறேன், விட்டா மறந்துருவேன்.

ஆடி மாசம் முதல் கிளையண்ட் வந்தாங்க. சுகிர்தாவோட அம்மாவைப் பாக்கற டாக்டரோட சிநேகிதி, ஈரோட்டுல ஒரு டயாலிசிஸ் சென்டர் வெச்சிருக்கறாங்க. டாக்டர் செந்தாமரை. ஐம்பது வயசு இருக்கும், வெடுக்குனு பேசுவாங்க. கிட்னி வேலை செய்யாதவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை வந்து மெஷின்ல நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டுப் போவாங்க. அந்தியூர், பவானி, கோபி, எங்கெங்கிருந்தோ பஸ்ல வர ஜனம். அவங்க நேரம் புக் பண்ண யாரோ ஒரு ஆப் பண்ணிக் குடுத்திருந்தாங்க. வரதுக்கு முன்னால அதுல போய் 'உறுதி'ன்னு அமுக்கணும். அமுக்கலைன்னா அந்த மெஷின் வேற ஆளுக்குப் போயிரும்.

அந்தம்மா எங்க ஆபீசுக்கு வந்து உக்காந்து, தண்ணிகூடக் குடிக்காம சொன்னாங்க. "எனக்கு அழகான ஆப் வேண்டாம் சார். உடம்பு முடியாத ஒருத்தர் ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்து, மெஷின் இல்லைன்னு திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பாத்தீங்களா? கிளையண்டுகளோட பிரச்சனையே இதாங்க. தங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரே வாக்கியத்துல சொல்லிட்டாப் போதும்னு நினைச்சுக்குவாங்க. அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு தோண்டி எடுக்கறதுதான் நம்ம வேலை. நான் தோண்டுனேன். எண்பத்து நாலு பக்கம் வந்துச்சு.

ஐந்து தூண்கள்னு அமைச்சேன். முதல் தூண், அடிப்படை நோக்கு. ரெண்டாவது, யூசர் வகைகள். மூணாவது, கள ஆய்வு. நாலாவது, வடிவமைப்பு மொழி. அஞ்சாவது, அளவீடு. அந்த ரெண்டாவது தூண்ல நான் உருவாக்குன ஆளுங்களைப் பாத்திருந்தீங்கன்னா அசந்திருப்பீங்க. 'திரு. சின்னமருது, 58, மஞ்சள் விவசாயி, ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார், பேரனுடன் வீடியோ கால் பேசுவது பிடிக்கும், புதிய தொழில்நுட்பத்தை ஆர்வத்துடன் வரவேற்பவர்.' போட்டோ எல்லாம் போட்டு. ரொம்பத் தத்ரூபமா வந்திருந்தாரு. எனக்கு அவரு மேல ஒரு பாசமே வந்துருச்சுங்க.

சுகிர்தா போட்டோவையே பாத்துட்டிருந்துச்சு. "சார், இவரு யாரு?"

"நம்ம யூசர்."

"இல்லீங்க சார், நிஜத்துல யாரு?"

"நிஜத்துல யாருமில்லம்மா. எல்லாரோட சாராம்சம் இவரு."

"சார், ஒருநாள் நாம ரெண்டு பேரும் ஈரோடு போய் அந்த ஹால்ல சும்மா உக்காந்து பாத்துட்டு வரலாங்களா?"

"அது மூணாவது தூண்ல வருது. நாம இன்னும் முதல் தூண்ல இருக்கோம்"னேன்.

இப்படி மூணு தடவை கேட்டுச்சு. மூணு தடவையும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். சொன்ன சொல்லு மாறாம இருக்கறது ஒரு தலைவனுக்கு முக்கியம். அப்புறம் ஒருநாள் லீவு வேணும்னுச்சு. அம்மாவுக்கு முடியலையாக்கும்னு நினைச்சு, "தாராளமா எடுத்துக்கோ"ன்னேன். நாலு நாள் லீவு. எங்க போச்சுங்கறீங்க? ஈரோட்டுக்கு. காலையில மொத பஸ் பிடிச்சுப் போய், அந்த ஹால்ல சாயந்திரம் வரைக்கும் உக்காந்துட்டு வந்திருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அஞ்சாம் நாள் ஒரு நோட்டோட வந்துச்சு. சாதா ரூல்டு நோட்டு. அதுல பேனாவுல எழுதி எழுதி, அடிச்சு, அம்புக்குறி போட்டு, பாக்கவே ஒரு ஒழுங்கில்ல. அதை வெச்சுக்கிட்டுப் படிக்குது. "சார், அந்தியூர்ல இருந்து ஒருத்தர் வராரு. அவருகிட்ட பட்டன் போனுதான். ஆப்ல குடுத்திருக்கறது மகனோட நம்பர். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஷிப்ட்டுக்குள்ள போறப்ப போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. உறுதி பண்ணச் சொல்லி வர மெசேஜ் அவன் போனுக்குத்தான் போகுது. அவன் பாக்கறதுக்குள்ள மெஷின் கைமாறிடுது. அப்பா இது தெரியாம பஸ் ஏறி வந்துடறாரு."

"எட்ஜ் கேஸ்"னேன். அப்படின்னா, எங்கியோ ஒருத்தருக்கு நடக்கற விதிவிலக்கு, அதை வெச்சு டிசைன் பண்ண மாட்டோம்.

"முப்பத்தோரு பேர்கிட்ட கேட்டேன் சார். பத்தொம்பது பேருக்கு நம்பர் மகனோடது, இல்லைன்னா மருமகளோடது."

முப்பத்தோரு பேருங்கறது ஒரு சாம்பிளே இல்லைங்க சார். புள்ளிவிவரம் படிச்சவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதைப் பொறுமையா விளக்குனேன். அந்த நோட்டை மூணாவது தூணுக்குப் பின்னிணைப்பாப் போட்டுக்கலாம்னும் சொன்னேன். பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன்.

புரட்டாசியில பிரசன்டேஷன். ஈரோட்டுல சென்டருக்கு மேலயே ஒரு ஹால். கீழ பேஷண்டுங்க, மேல நாங்க. டாக்டரம்மா, தலைமை நர்ஸ், சுகிர்தா, நான். ஏசி ஓடல. அதைச் சரி பண்ண ஒருத்தர் ஏணி மேல நின்னுட்டிருந்தாரு. நான் ஆரம்பிச்சேன். முதல் தூணை முடிச்சு ரெண்டாவதுக்குள்ள நுழையறேன், கீழ இருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து, "மேடம், நாலாம் பெட்டுல பிரஷர் இறங்குது"ன்னாங்க. டாக்டரம்மா எந்திரிச்சு ஓடிட்டாங்க. தலைமை நர்சும் ஓடிட்டாங்க. சுகிர்தாவும் பின்னாலயே போயிருச்சு. அது எதுக்குப் போகணும்? அது டாக்டரா, நர்சா?

நான் நிறுத்தலைங்க. பாதியில நிறுத்துனா ஃப்ளோ போயிரும். மூணாவது தூண், நாலாவது தூண் எல்லாம் சொன்னேன். ஏசிக்காரரு ஒருத்தருதான் கேட்டுட்டிருந்தாரு, ஆனா ஒரு ஆளா இருந்தாலும் ஆடியன்ஸ் ஆடியன்ஸ்தானுங்களே. நாலாவது தூண் முடியறப்ப, "எப்ப சார் முடியும்?"னு கேட்டாரு. ஃபேஸ் ஒன் மட்டும் ஒம்பது மாசம்னேன். அவரு அந்த ஏணியை நகத்தணுமாம், ப்ரொஜெக்டர் குறுக்க இருக்குதாம், அதுக்குக் கேட்டிருக்காரு.

அரை மணி கழிச்சு டாக்டரம்மா திரும்பி வந்தாங்க, பின்னாலயே நர்சம்மாவும் சுகிர்தாவும். கோட்டுக் கையெல்லாம் ஈரம். உக்காரல. "சார், நல்லா உழைச்சிருக்கீங்க. வர திங்கக்கிழமையில இருந்து என்ன மாத்தலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க"ன்னாங்க.

திங்கக்கிழமை! ஒரு ஸ்ட்ராடஜியைப் பாத்துத் திங்கக்கிழமைன்னு கேக்கலாமுங்களா? ஒம்பது மாசக் கால அட்டவணை எழுபத்தாறாம் பக்கத்துல இருக்குது, அதை எடுக்கறதுக்குள்ள சுகிர்தா வாயைத் திறந்துச்சு. "மேடம், ஒரு மிஸ்டு கால் நம்பர் போதும். கிளம்பறதுக்கு முன்னால எந்தப் போன்ல இருந்து வேணும்னாலும் மிஸ்டு கால் குடுக்கட்டும். நம்ம நர்ஸ் அக்கா திரும்பக் கூப்பிட்டு, மெஷின் ரெடி, வாங்கன்னோ, பத்து மணிக்கு மேல கிளம்புங்கன்னோ சொல்லட்டும். மகன் போன் வேண்டாம். ஆப் வேண்டாம். அடுத்து எப்ப வரணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடலாம்."

டாக்டரம்மா தலைமை நர்சைப் பாத்தாங்க. அந்த நர்சம்மா, "இதை நாளைக்கே பண்ணலாமுங்க மேடம்"னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. மிஸ்டு கால்! பெட்டிக்கடையில கலர் சோடா ஆர்டர் பண்ணற மாதிரி. இதுக்கு எதுக்கு யூஎக்ஸ் கன்சல்டண்ட்? அதுவும் கிளையண்ட் முன்னால, தலைவரைத் தாண்டி ஒரு வார்த்தை பேசலாமா? என் எண்பத்து நாலு பக்கத்துல எந்த இடத்துலயும் மிஸ்டு கால்ங்கற சொல்லே கிடையாது.

திரும்பி வரப்ப கார்ல நான் சொல்லிட்டே வந்தேன். கத்தலைங்க, நான் கத்தற ஆளே கிடையாது. தொழில் ஒழுக்கம்னா என்ன, ஒரு டீம்ல யாரு எப்பப் பேசணும், இதெல்லாம் அமைதியாத்தான் சொன்னேன். ஈரோட்டுல ஆரம்பிச்சுப் பெருந்துறை தாண்டியாச்சு. அது கேட்டுட்டே வந்துச்சு. விஜயமங்கலம் டோல்கேட்டுல வண்டி நிக்கறப்பத்தான் மெதுவாச் சொல்லுச்சு. "சார், நான் போயிருந்த வாரம் நாலு பேரு வந்துட்டுத் திரும்பிப் போனாங்க. அதுல நல்லுசாமின்னு ஒருத்தரு. அவரு அடுத்த தடவை வரல சார்."

"வேற சென்டருக்குப் போயிருப்பாரு"ன்னேன்.

அது என் முகத்தை ஒரு தடவை பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. கோயமுத்தூர் வர வரைக்கும் பேசவே இல்ல. நான்தான் பேசிட்டு வந்தேன்.

அது அவினாசி தாண்டறப்பத்தான் எனக்குமே லேசாப் புரிஞ்சுதுங்க, அவரு போனது வேற சென்டருக்கு இல்லைன்னு. ஆனா அதுக்குள்ள வேற விஷயத்துக்கு வந்துட்டேன். திரும்ப அதை எப்படி எடுக்கறது?

மறுவாரம் ராஜினாமாக் கடுதாசி. ரெண்டே வரி. 'உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். இனி ஈரோட்டில் வேலை செய்ய விரும்புகிறேன்.' டாக்டரம்மா அதைத் தன் சென்டர்லயே வேலைக்கு வெச்சுக்கிட்டாங்க. எங்களுக்கு ஒரு மெயில், 'தங்கள் முயற்சிக்கு நன்றி'ன்னு. நான் பதிலுக்கு ஆறு பக்கம் அனுப்புனேன். கேட்டல்ங்கறது ஒரு பரஸ்பரப் பண்புன்னு ஆரம்பிச்சு. பதிலே இல்ல.

கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசம் நான் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். சீட்டுங்க பசை விட்டு ஒண்ணொண்ணா விழுகுது. மஞ்சச் சீட்டுதான் மொதல்ல விழுந்துச்சு, ஃபேன் காத்து அந்தப் பக்கம். ஒருநாள் பிரபாவதி தரையைக் கூட்டிட்டே கேட்டா, "நீங்க ஒருதடவையாச்சும் அந்த ஹால்ல போய் உக்காந்திருக்கீங்களா?"

"பிரசன்டேஷனுக்குப் போனேனே."

"அது மாடியில."

கணக்கு டீச்சர்னு சொன்னேன்ல.

சரி, அவ சொன்னதுக்காக இல்லைங்க. ஒரு முடிவு தெரியணும்னு நானாத்தான் இன்னைக்குக் கிளம்புனேன். காரு சர்வீஸ்ல இருக்குது, அதனால பஸ்ஸு. என்ன திட்டம்னா, நேராப் போய் டாக்டரம்மாகிட்ட ஒரு கடுதாசி கேக்கறது. 'இந்தச் சென்டரின் மாற்றங்களுக்கு அடிப்படை தெளிவு கன்சல்டிங்கின் ஸ்ட்ராடஜியே' அப்படின்னு. நானே டைப் அடிச்சுக் கொண்டு போயிருந்தேன், கையெழுத்துப் போட்டாப் போதும். நியாயம்தானுங்களே?

காலையில எட்டரைக்குப் போயிட்டேன். டாக்டரம்மா ரவுண்ட்ஸ்ல இருக்காங்க, உக்காருங்கன்னுட்டாங்க. அந்தக் கீழ் ஹால்ல உக்காந்தேன். நீளப் பெஞ்சு. பக்கத்துல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், மடியில ஒரு ஒயர்கூடை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையா மெஷினு.

அந்தம்மா என்னையப் பாத்து, "ஆருக்குங்க? அப்பாவுக்குங்களா, ஊட்டுக்காரம்மாவுக்குங்களா?"ன்னாங்க.

இல்லீங்க, நான் கன்சல்டண்டுன்னு சொல்லியிருக்கணும். அவங்களுக்கு அது புரியாதேன்னு பேசாம இருந்துட்டேன். நான் பேசாம இருக்கறதைப் பாத்துட்டு அவங்களா என்னமோ முடிவு பண்ணிக்கிட்டு, என் முழங்கையைத் தொட்டு, "புதுசா வரப்ப அப்படித்தானுங்க இருக்கும். எனக்கும் மொத மாசம் பேச்சே வராது. பழகிக்கலாமுங்க"ன்னாங்க.

பேரு கருணாம்பாள். பவானிக்குப் பக்கத்துல ஏதோ ஊரு. உள்ள படுத்திருக்கறது வீட்டுக்காரரு, லாரி ஓட்டுனவரு. அந்தம்மா எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. வரப்ப என்ன சாப்பிடக் குடுக்கணும், தண்ணி எவ்வளவு குடுக்கலாம், மெஷின்ல இருந்து எந்திரிச்சதும் கால் மணி நேரம் நடக்க விடக் கூடாது. "அப்பறம் ஊட்டுல இருந்து கெளம்பறப்ப ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க. கூப்புட்டுச் சொல்லுவாங்க. முந்தி என்ர போனுக்கு ஒண்ணுமே வராது, மருமவளுக்குத்தான் போவும். ரெண்டு தடவை வந்து திரும்பிப் போனமுங்க. மூச்சு வாங்கறாரு, பஸ்ஸுல உக்கார எடமில்ல, நான் என்னத்தப் பண்ணட்டும்? இப்ப ஒரு பொண்ணு வந்து எல்லாம் மாத்திருச்சு."

அவங்க சொன்ன விதத்துல மூணு நாலு குறை இருந்துச்சுங்க. வரிசைப்படி சொல்லல, நடுநடுவுல மருமகளைத் திட்டிக்கிட்டாங்க. ஆனா நான் குறுக்க பேசல. ஏன்னு தெரியல. வழக்கமாப் பேசிருவேன்.

கூடையில இருந்து ஒரு சீட்டை எடுத்தாங்க. அடுத்த தடவை வர வேண்டிய நாளும் நேரமும் அச்சடிச்ச சீட்டு. கையை நல்லா நீட்டிப் பிடிச்சாங்க, கிட்டக் கொண்டு வந்தாங்க, திரும்ப நீட்டுனாங்க. "கண்ணாடி ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டனுங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க"ன்னாங்க. வாங்கிப் படிச்சேன். சனிக்கிழமை காலை ஆறரை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பக்கத்து பெஞ்சுல இருந்து ஒரு பெரியவரு தன் சீட்டை நீட்டுனாரு. அதையும் படிச்சேன். அப்புறம் இன்னொருத்தரு. அந்தம்மா உள்ள போறப்ப கூடையை என் மடியில வெச்சுட்டுப் போனாங்க. நான் வெச்சிருந்தேன். நடுவுல ரிசப்ஷன்ல கூப்பிட்டு, டாக்டர் ஃப்ரீயா இருக்காங்க, போங்கன்னாங்க. கூடையை யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியாம, அப்புறம் போறேன்னுட்டேன்.

சுகிர்தா அந்தப் பக்கமா வந்துச்சு. என்னையப் பாத்ததும் நின்னுருச்சு. கையில அதே மாதிரி ஒரு ரூல்டு நோட்டு. கொஞ்சம் இளைச்சிருந்துச்சு.

"சார்! எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்"னேன்.

ரிசப்ஷன் பொண்ணு, "எட்டரையில இருந்து இருக்காருக்கா"ன்னுச்சு. மணி அப்பப் பன்னெண்டே முக்கால்.

அது என் மடியில இருந்த கூடையைப் பாத்துச்சு. பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நான் பேசறதுக்கு நிறையத் தயார் பண்ணி வெச்சிருந்தேன் சார். நன்றியுணர்ச்சி, தொழில் தர்மம், அந்தக் கார்ல அது என் பேச்சுக்குப் பதில் சொல்லாதது, எல்லாம் வரிசையா இருந்துச்சு. வாயைத் திறந்தா வேற வருது.

"இந்தச் சீட்டுல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குதும்மா. ஒருத்தராலயும் படிக்க முடியல. காலையில இருந்து நான்தான் படிச்சுச் சொல்லிட்டிருக்கேன். நாளும் நேரமும் மட்டும் பெருசாப் போடு. மத்ததெல்லாம் அடியில கிடக்கட்டும்."

சுகிர்தா சீட்டை வாங்கிப் பாத்துச்சு. நான் என்ன நினைச்சேன்னா, இப்ப அது எனக்கு ஒரு பாடம் நடத்தும். எத்தனை பேருகிட்ட கேட்டீங்க சார், சாம்பிள் எத்தனைன்னு கேட்கும். நானா இருந்தாக் கேட்டிருப்பேன்.

"ஆமாங்க சார்"னுச்சு. "தினமும் பாக்கறேன், என் கண்ணுக்குத் தெரியல."

எந்திரிச்சுப் போச்சு. பத்து நிமிஷம் இருக்கும். புதுச் சீட்டு அச்சடிச்சுக் கொண்டாந்து ரிசப்ஷன்ல வெச்சுருச்சு. மீட்டிங் இல்ல, அப்ரூவல் இல்ல. கருணாம்பாள் அம்மா அப்பத்தான் வெளிய வந்தாங்க. ரிசப்ஷன்ல அவங்க பழைய சீட்டை வாங்கிட்டுப் புதுசைக் குடுத்தாங்க.

அந்தம்மா கையை நீட்டலைங்க சார். கண்ணைச் சுருக்கல. இடுப்புக்கிட்ட வெச்சுக்கிட்டே குனிஞ்சு பாத்து, "சனி... கெழமை... காலை... ஆறரை"ன்னு சத்தமாப் படிச்சாங்க. ஹால்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. என்னையப் பாத்து, "நானே படிச்சுட்டனுங்க"ன்னாங்க.

இருபத்திரண்டு வருஷத்துல, நான் பண்ணுன ஒண்ணை ஒரு ஆளு உபயோகப்படுத்தறதைக் கண்ணால பாத்தது அதுதான் முதல் தடவைங்க.

கூடையைக் குடுத்துட்டு வந்து பஸ் ஏறிட்டேன். கையெழுத்து வாங்கக் கொண்டு போன கடுதாசி இதோ பையில அப்படியே இருக்குது. டாக்டரம்மாவைப் பாக்கவே இல்ல.

புதுச் சீட்டை நானும் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன், பாருங்க. மேல நாளு, நேரம். அடியில சென்டர் பேரு, டாக்டர் பேரு, மிஸ்டு கால் நம்பர், எல்லாம் இருக்குது. என் பேரு எங்கியும் இல்லைங்க. அதை நான் சும்மா விடறதா இல்ல, வீட்டுக்குப் போனதும் ஒரு மெயில் போடத்தான் போறேன்.